தந்தி போன தடத்தில்தான் வாட்ஸ்அப்பும் போகிறது

பட்டர்வொர்த்தில் பணிபுரியும் ஒரு தமிழாசிரியை கேட்டிருந்தார். மாணவர்களுக்குப் பட்டிமன்றம் வைக்கிறார்களாம். தலைப்பு: 'இன்றைய தொலைத்தொடர்பு முழுக்கப் புதியதா, பழைய முறைகளின் எதிரொலியா?' எதிரொலி அணிக்குப் புறாத் தூதும் இமெயிலும் ஒன்று, எகிப்தியர் சித்திர எழுத்தும் எமோஜியும் ஒன்று என்ற வகையில் சில குறிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறார். இவை போதுமா, இதைவிட உருப்படியாக ஏதாவது உண்டா என்பது கேள்வி. கூடவே இன்னொன்று: செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனி கடலடிக் கேபிளுக்கு வேலை இருக்குமா?

டீச்சர், போதாது. எதிரணியில் கொஞ்சம் படித்த பிள்ளை ஒருத்தி இருந்தால் இரண்டே நிமிடத்தில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள். புறாவுக்குத் தன் கூட்டுக்குத் திரும்ப மட்டும்தான் தெரியும், நீங்கள் எழுதிக் கொடுக்கும் முகவரிக்கெல்லாம் அது போகாது. எகிப்தியர் எழுத்து ஒலியும் இலக்கணமும் உள்ள முழு எழுத்துமுறை. எமோஜியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். தோற்றத்தில் ஒற்றுமை தேடினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

என் வேலைக்காலம் முழுக்கத் தொலைத்தொடர்பில் டிரான்ஸ்மிஷன் பக்கம் போனது. அதனால் நான் பார்க்கிற விதம் வேறு. செய்தி எந்த வழியாகப் போகிறது, நடுவில் யார் கைமாற்றி விடுகிறார்கள், அனுப்ப எவ்வளவு ஆகிறது. இந்தத் தொல்லைகள் புறாக் காலத்திலும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. தொல்லை ஒன்றாக இருப்பதால் அதற்கு மனிதர்கள் கண்டுபிடிக்கும் தந்திரமும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருகிறது. உங்கள் அணி நிற்க வேண்டிய இடம் இதுதான். அதற்குப் பினாங்கைவிட்டு வெளியே அதிகம் போகக்கூட வேண்டாம்.

வழியிலிருந்து தொடங்குகிறேன். 1870ஆம் ஆண்டின் கடைசியில், பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராப் கம்பெனி மதராஸிலிருந்து வங்கக் கடலின் அடியில் கேபிள் போட்டுக்கொண்டு வந்து பினாங்கில் கரையேற்றியது. இங்கிருந்து அது சிங்கப்பூருக்குப் போனது. மதராஸ் - பினாங்குத் துண்டு மட்டும் சுமார் 1,400 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். இந்தியாவுக்கு ஏற்கெனவே லண்டனிலிருந்து கம்பி வந்துவிட்டதால், 1871 தொடக்கத்தில் லண்டனும் சிங்கப்பூரும் தந்தியில் பேசிக்கொள்ள முடிந்தது. அதற்கு முன்பு எல்லாம் கப்பல்தான். பி அண்ட் ஓ கம்பெனியின் தபால் கப்பல் 1845 முதல் இலங்கையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர், ஹாங்காங் என்று போய்க்கொண்டிருந்தது. வெள்ளீயத்தின் விலை லண்டனில் ஏறியதா இறங்கியதா என்பது பினாங்கின் வணிகத் தெருவான லெபோ பந்தாயில் இருந்த வியாபாரிக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது இன்றைய வரைபடத்தைப் பாருங்கள். 1997ல் வந்த ஃபிளாக் என்ற ஒளியிழைக் கேபிள் பினாங்கில் கரையேறுகிறது. 2002ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், கொச்சி வழியாக வந்த சேஃப் கேபிளுக்குப் பினாங்குதான் கடைசி நிறுத்தம். 2010களின் நடுவில் போட்ட பே ஆஃப் பெங்கால் கேட்வே கேபிள் ஓமான், அமீரகம், மும்பை, கொழும்பு, சென்னை என்று வந்து பினாங்கில் முடிகிறது. சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவில் கடலடியில் 1870ல் ஒரு செம்புக் கம்பி கிடந்தது, இன்று கண்ணாடி இழை கிடக்கிறது. உங்கள் மாணவன் திருச்சியில் இருக்கும் மாமா மகனுக்கு அனுப்பும் படம் இந்த வழியில்தான் போகும் என்று சத்தியம் செய்ய முடியாது. நெரிசலைப் பொறுத்து, சர்வர் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிங்கப்பூரைச் சுற்றியும் போகலாம். ஆனால் அந்தச் சிங்கப்பூரும் 1871ல் அதே தந்திக் கம்பி போய்ச் சேர்ந்த ஊர்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலாக்கா நீரிணையின் வடக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிற தீவு இது. மேற்கிலிருந்து வருகிறவன் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் திரும்புவான். அதைக் கணக்குப் பண்ணித்தான் பிரான்சிஸ் லைட் 1786ல் இங்கே கொடி நட்டார். அவருக்கு எழுநூறு, எண்ணூறு ஆண்டுக்கு முன்பே நம் ஆட்களுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பக்கத்துக் கரையிலிருந்து வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடக்கே ஜெராய் மலை தெரியுமே, 1,217 மீட்டர். ராஜேந்திர சோழன் 1025ல் படை அனுப்பிய கடாரத்துக்கு அதுதான் அடையாளம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்குக் கரை தெரிவதற்கு முன் அந்த மலை தெரியும். இன்று அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடம் எதுவோ, தொலைவுக்கு அலை அனுப்பவும் அதுவே வசதி. இரண்டுக்கும் வேண்டியது நடுவில் மறைப்பு இல்லாத நேர்ப் பார்வை.

நம் தீவின் புக்கிட் பெண்டேரா மலையும் அப்படித்தான். கப்பல் வருகிறது என்றால் அங்கே கொடி ஏறும், கீழே கார்ன்வாலிஸ் கோட்டையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தபால் கப்பல் வருகிற சேதியும் அப்படித்தான் ஊருக்குத் தெரியும். கப்பல் துறைக்கு வந்து சேரும் முன்பே அது வந்த சேதி சேர்ந்துவிடும். ஷோப்பியில் வாங்கிய சாமான் இன்னும் ஷா ஆலம் கிடங்கில் இருக்கும்போதே நம் கைப்பேசியில் 'வந்துகொண்டிருக்கிறது' என்று வருகிறதல்லவா, அதே வேலை.

பழைய கேபிளை விடுவதற்கு முன் ஒரு சங்கதி. இதை மாணவர்கள் அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மண்ணின் கதை. உப்புத் தண்ணீரில் கிடக்கும் கம்பியில் மின்சாரம் கசியாமல் இருக்க மேலே உறை வேண்டும். ரப்பர் கடல்நீரில் சீக்கிரம் கெட்டுவிடும். தீர்வு மலாயாக் காட்டிலிருந்து போனது. தாபான் மரத்தின் பால், வெள்ளைக்காரன் அதைக் கட்டாபர்ச்சா என்றான். சிங்கப்பூரிலிருந்த வில்லியம் மாண்ட்காமரி என்ற டாக்டர் 1843ல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சூடுபடுத்தினால் மாவு போல இளகும், ஆறினால் இறுகும், குளிர்ந்த ஆழ்கடலில் நூறாண்டு கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. 1851ல் டோவருக்கும் கலேக்கும் நடுவில் போட்ட கேபிளிலிருந்து உலகத்தின் கடலடிக் கம்பிகளில் பெரும்பாலானவை இந்தப் பாலைப் பூசிக்கொண்டுதான் இறங்கின. கித்தா மரம், அதாவது ரப்பர் மரம் போல வடு போட்டுப் பால் எடுக்க இது சரிப்படவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். 1880களுக்குள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்த மரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 1930களில் பாலிஎத்திலீன் கண்டுபிடித்த பிறகுதான் மாற்று கிடைத்தது, இன்றைய கேபிளுக்கும் அதுதான் உறை. புதிய தொழில்நுட்பம் என்றால் தூரத்தில் எங்கோ ஒரு காடு காலியாகும் என்பது பேட்டரிக்கு நிக்கல் தோண்டுகிற இந்தக் காலத்தில் தொடங்கிய கதை இல்லை.

அடுத்தது கைமாற்று. என்னைக் கேட்டால் உங்கள் பட்டிமன்றத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

மதுரையில் திருமலை நாயக்கர் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிகாலப் பூசை முடிந்த பிறகுதான் அவர் சாப்பிடுவாராம். பூசை முடிந்தது மதுரைக்கு எப்படித் தெரியும்? வழியெல்லாம் மண்டபம் கட்டி நகரா முரசு வைத்தார்கள். கோவிலில் ஒலித்ததும் முதல் மண்டபத்துக்காரன் அடிப்பான், அது கேட்டு அடுத்தவன். அந்தச் சாலையில் நகரா மண்டபங்கள் இன்றும் நிற்கின்றன. கட்டபொம்மனுக்குத் திருச்செந்தூர் மணியோசை பாஞ்சாலங்குறிச்சி வரை இப்படியே வந்தது என்பது இன்னொரு வழக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மதுரைக்கும் 75 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நான்கு நிமிடம்கூட வேண்டாம். மிச்ச நேரமெல்லாம் ஒவ்வொரு மண்டபத்திலும் ஒருவன் கேட்டு, கோலை எடுத்து, ஓங்கி அடிக்க ஆகும் நேரம். நெட்வொர்க் வேலை செய்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதற்குத்தான். தாமதம் பல நேரம் வழியில் இல்லை, நிறுத்தங்களில் இருக்கிறது.

முரசுக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு சேதி: முடிந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் குறியீடு வேண்டும். பிரான்சில் குளோட் ஷாப் 1794ல் பாரிஸிலிருந்து லீல் வரை கோபுரங்களை நிறுத்தினார். உச்சியில் மரக் கைகள், அவற்றின் கோணம்தான் எழுத்து. அடுத்த கோபுரத்துக்காரன் தொலைநோக்கியில் பார்த்து அதே கோணத்தில் தன் கைகளைத் திருப்புவான். பிறகு அவர்கள் ஒரு குறியீட்டுப் புத்தகம் செய்தார்கள்: 92 பக்கம், பக்கத்துக்கு 92 சொல். முதல் சைகை பக்கம், இரண்டாவது சைகை வரிசை. இரண்டே அசைவில் 8,464 சொற்களில் எது வேண்டுமானாலும் போகும். நடுவில் நிற்பவனுக்கு அர்த்தம் தெரிய வேண்டியதே இல்லை, பார்த்ததை அப்படியே திருப்பினால் போதும். இன்றைய ரூட்டரும் உங்கள் கடிதத்தைப் படிப்பதில்லை. உறையில் எழுதிய முகவரியைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிறது.

ஏமாற்றும் அப்போதே வந்துவிட்டது. ஃபிரான்சுவா பிளாங்க், ஜோசப் பிளாங்க் என்று போர்தோவில் இரண்டு சகோதரர்கள். பாரிஸ் பங்குச் சந்தை நிலவரம் மற்றவர்களுக்குத் தபாலில் வரும் முன் தங்களுக்குத் தெரிய வேண்டும். கோபுரம் அரசாங்கச் சொத்து, தனியார் செய்தி அனுப்ப முடியாது. அவர்கள் வழியில் ஒரு ஊழியனுக்குப் பணம் கொடுத்து, அரசுச் செய்திக்கு நடுவில் ஒரு தவறான சைகையும் உடனே 'முந்தையதை அழி' என்ற சைகையும் சேர்க்க வைத்தார்கள். செய்தி போய்ச் சேரும் இடத்தில் பிழை நீக்கப்பட்டுவிடும், பதிவில் ஒன்றும் தெரியாது. ஆனால் போர்தோ பக்கத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்கள் ஆளுக்கு அந்தப் பிழைதான் சேதி. 1834 முதல் 1836 வரை இரண்டு வருடம் இது நடந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் நடந்த ஹேக்கிங் என்று பிள்ளைகள் சொன்னால் மண்டபத்தில் கைத்தட்டல் நிச்சயம்.

சரி, பினாங்குத் தந்தி அறைக்குத் திரும்புவோம். 2,600 கிலோமீட்டர் கடந்து வரும் மின்சாரம் கரையேறும்போது நூலிழை போல மெலிந்திருக்கும். சாதாரணக் கருவியை அது அசைக்காது. வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி செய்த கருவியில் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடி தொங்கும், அதன் மேல் விளக்கொளி விழும். மின்சாரம் ஒரு பக்கம் பாய்ந்தால் சுவரிலுள்ள ஒளிப்புள்ளி இடப்பக்கம் நகரும், எதிர்ப்பக்கம் பாய்ந்தால் வலப்பக்கம். ஒன்று புள்ளி, மற்றது கோடு. இருட்டறையில் ஒருவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு எழுத்தைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். எழுதியதைச் சிங்கப்பூர் கம்பியில் வேறொருவர் திரும்ப அடிப்பார். வாங்கி, வைத்து, திருப்பி அனுப்புவது. இணையம் முழுக்க இதே முறையில்தான் ஓடுகிறது, மனிதர் இருந்த இடத்தில் பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒளிப்புள்ளி இன்று சுவரிலிருந்து இறங்கிக் கேபிளுக்குள்ளேயே போய்விட்டது. இழையில் ஓடும் ஒளியும் மெலியும், ஆகவே ஏறக்குறைய 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை கடலடியில் ஒரு ஒளிப்பெருக்கி இருக்கிறது, நகரா மண்டபம் மாதிரி. அதற்கு வேண்டிய மின்சாரம் கரையிலிருந்தே சில ஆயிரம் வோல்ட்டில் கேபிள் வழியாகப் போகிறது. இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கு 13 மில்லி விநாடி.

கேபிள் அறுந்தால் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாணவர்களுக்குப் பிடிக்கும். கப்பல் போய், கயிற்றில் கட்டிய கொக்கியைக் கடலடியில் இழுத்துக்கொண்டே நகரும், கேபிள் மாட்டும் வரை. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுப்பதே தான். 1866ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் அட்லாண்டிக்கில் அறுந்து கிடந்த கேபிளை இப்படித்தான் மீட்டது, இப்போதும் அடிப்படை முறை அதுதான். 2006 டிசம்பர் 26ல் தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்து கேபிள்கள் அறுந்தபோது மலேசியாவில் இணையம் வாரக்கணக்கில் நொண்டியது. கப்பல்கள் கொக்கியைப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

வேண்டுமென்றே அறுத்தவர்களும் உண்டு. முதல் உலகப் போரின் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை உங்கள் மாணவர்களின் தாத்தாக்களுக்குத் தெரிந்திருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அக்டோபர் 28 விடியற்காலையில் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வேறு கப்பல் போல பினாங்குத் துறைக்குள் நுழைந்து, செம்சூக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அந்த மாலுமிகளின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இருக்கிறது. தந்தி போன இரண்டு ஊரையும் அடித்துவிட்டு, நவம்பர் 9ல் தந்தியையே அடிக்கக் கோக்கோஸ் தீவுக்குப் போனது. கம்பிகளை வெட்டக் கரையில் ஆள் இறக்குவதற்குள், அங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையம் 'புதுக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது' என்று கூவிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதைக் கேட்டு விரைந்து வந்தது. எம்டனின் கதை அன்றோடு சரி. போர் என்றால் முதலில் எதிரியின் தகவல் வழியை அறு என்பது இன்றும் மாறவில்லை, செய்திகளில் பார்க்கிறோம்.

இனி விலை. இங்கே சிரிப்பும் உண்டு.

1840க்கு முன் இங்கிலாந்தில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். ஜனங்கள் உறையின் மேல் ஒரு குறி போட்டு அனுப்புவார்கள். வாங்க வேண்டியவர் குறியைப் பார்த்துவிட்டு, 'வேண்டாம், காசு இல்லை' என்று திருப்பிவிடுவார். சேதி சேர்ந்தாயிற்று, காசு மிச்சம். இருபது வருடத்துக்கு முன் நாம் செய்ததும் இதே தானே? ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு விட்டால் வந்து கூட்டிப்போ. மிஸ்டு கால் என்பது காசில்லாமல் அடித்த நகரா.

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. வியாபாரிகள் குறியீட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கினார்கள். கம்பெனியின் பெயரும் தெருவும் எழுதினால் அதற்கும் காசு என்பதால், தந்தி முகவரி என்று ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்து வைத்தார்கள். ஒரு ஊரில் ஒரு சொல் ஒருவருக்குத்தான். இன்ஸ்டாகிராமில் நல்ல பெயரையெல்லாம் யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள் என்று உங்கள் மாணவிகள் புலம்புவது அந்தக் காலத்து லெபோ பந்தாய் முதலாளிகளுக்கு நன்றாகப் புரியும். இந்தியத் தபால் தந்தித் துறை வாழ்த்துத் தந்திகளுக்கு எண் வைத்திருந்தது. தீபாவளிக்கு ஒன்று, பிள்ளை பிறந்ததற்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. நீங்கள் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும், அங்கே அதை வாக்கியமாக விரித்து அழகான தாளில் கொடுப்பார்கள். எமோஜிக்கு முன்னோர் வேண்டுமென்றால் எகிப்துக்குப் போகாதீர்கள் டீச்சர், இந்தக் கல்யாணத் தந்தியைப் பிடியுங்கள். இன்று ஸ்டிக்கர் அனுப்பும்போதும் ஆயத்தமாக இருக்கும் ஒன்றில் விரல் வைக்கிறோம், மனதில் இருப்பதை எழுதுவதில்லை.

நம் மொழிக்கு இதில் தனிப் பாடு. தந்தியில் தமிழை ரோமன் எழுத்தில் அடித்தார்கள். எஸ்எம்எஸ் வந்தபோது பழைய வலி திரும்பியது: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் இடத்தில், தமிழ் எழுத்துக்கு 70 இடம்தான், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'வந்துவிட்டேன்' என்று எழுதுவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துபோகும். ஆகவே மறுபடி ரோமன். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்து கணினியில் தமிழ் எழுத வைத்தவர். 2005 வாக்கில் 'செல்லினம்' கொண்டுவந்து கைப்பேசியிலும் தமிழ் குறுஞ்செய்தி எழுத வழி செய்தார். உலகத் தமிழர் கைப்பேசியில் தமிழ் தட்டுவதில் மலேசியாவின் பங்கு பெரிது. உங்கள் பிள்ளைகள் இதைப் பெருமையாகவே சொல்லலாம்.

பணம் அனுப்புவதையும் விடக்கூடாது. லெபோ பினாங்கிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கொடுக்கல் வாங்கல் கடைகள் இருந்தன. இங்கே ஒருவர் பணத்தைக் கட்டினால் உண்டியல் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அந்தக் கடையின் ஆள் பணம் கொடுப்பார். பணம் கடலைத் தாண்டவே இல்லை, தாண்டியது ஒரு கட்டளை. இரண்டு பக்கத்துக் கணக்கும் பிறகு நேராகும். பல நாட்டு வங்கிகளுக்கு நடுவில் 1973ல் வந்த ஸ்விஃப்ட் அமைப்பும் பணத்தைக் கொண்டுபோவதில்லை, செய்தியை மட்டுமே கொண்டுபோகிறது. 2023 நவம்பரில் நம் டூயிட்நவ்வையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்களே, கைப்பேசி எண்ணைத் தட்டினால் பணம் போகிறதே, அதிலும் நோட்டு ஒன்றும் ஜொகூர் பாலத்தைக் கடக்கவில்லை. உண்டியலில் கையெழுத்தைத் தெரிந்தவர் பார்த்து நம்பினார், இங்கே ரகசிய எண்ணைப் பார்த்து இயந்திரம் நம்புகிறது. வேறுபாடு அந்த இடத்தில்தான், அது சின்ன வேறுபாடும் இல்லை. செட்டியார் கடையில் ஏமாற்றியவனுக்கு மறுநாள் கோவில் வாசலில் முகம் காட்ட முடியாது. இன்று ஸ்கேம் செய்கிறவனுக்கு முகமே இல்லை.

குரல் செய்திக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுத வைப்பார்கள். கடுதாசி ராஜூலா மாதிரிக் கப்பலில் நாகப்பட்டினம் போய், ஊரில் இன்னொருவர் அதைச் சத்தமாகப் படிக்கத் திண்ணையில் எல்லாரும் கேட்பார்கள். பேசியதாகத் தொடங்கி, கேட்டதாக முடியும், நடுவில்தான் எழுத்து. இப்போது வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பும் பாட்டிக்கு அந்த நடு ஆள் தேவைப்படவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பமே கேட்பது மட்டும் மாறவில்லை. தந்தி வந்தால் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, முதலில் படிப்பார், அவர் வாயிலிருந்து லயம் முழுக்கத் தெரியும், உரியவர் காதுக்குக் கடைசியில்தான் வரும். அந்தரங்கம் என்பதை அந்தக் காலத்து ஏழைக்கு யாரும் விற்கவே இல்லை. இன்று வாட்ஸ்அப் மறையாக்கம் செய்து அதை இலவசமாகக் கொடுக்கிறது. இதை எதிரணி பிடித்தால் உங்கள் அணிக்குக் கஷ்டம், பதில் தயார் செய்து வையுங்கள்.

எதிரணியின் இன்னொரு நல்ல வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு விலையே ஒரு சல்லடை. காசு கொடுத்துப் பொய்யை நூறு பேருக்குத் தந்தி அடிப்பவன் கிடையாது. இன்று அது ஒரு விரல் வேலை. இதற்குப் பழைய காலத்தில் ஒப்புமை தேடி அலைய வேண்டாம், கிடையாது. ஆனால் அதற்குக் கண்டுபிடித்த மருந்தைப் பாருங்கள்: வாட்ஸ்அப் 2019ல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் பகிர முடியாது என்றது, 2020ல் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு இடத்துக்குத்தான் என்றது. விலையை எடுத்துவிட்டு, அது செய்துகொண்டிருந்த வேலைக்கு ஆள் போட வேண்டியதாயிற்று. உங்கள் அணி இதை இப்படித் திருப்பலாம்.

மௌனமும் முன்பு போல இல்லை. மூன்று மாதம் கடுதாசி வராவிட்டால் கப்பல் தாமதம் என்று இருந்தார்கள். நீலக் குறி விழுந்து மூன்று மணி நேரம் பதில் இல்லையென்றால் இன்று வீட்டில் சண்டை. ஆனால் ஒரு பயம் அப்படியே இருக்கிறது. தந்திக்காரன் சைக்கிள் வாசலில் நின்றால் அழத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், விடியற்காலை மூன்று மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. அந்த நேரத்தில் யாரும் நலம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை.

ஒரு வரியில் சொல்ல ஒரு காட்சி வேண்டுமென்றால் கோலாலம்பூர் கோபுரத்தைச் சொல்லுங்கள். 421 மீட்டர், 1996ல் திறந்தது, தொலைத்தொடர்புக்கும் ஒளிபரப்புக்கும் கட்டியது. ரமலானும் ஹரி ராயாவும் எப்போது என்று முடிவு செய்யப் பிறை பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வானத்தில் ஒரு கீற்று தெரிகிறதா என்று பார்க்கிறார்கள், பிறகு டிவியில் அறிவிப்பு வருகிறது. நம் பாலிக் பூலாவ் பக்கம் பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையத்திலும் இதே வேலை நடக்கிறது.

அப்புறம் ஸ்டார்லிங்க். 2023லிருந்து மலேசியாவில் உரிமம் பெற்று நடக்கிறது. உள்காட்டுப் பள்ளிக்கும் மீன்பிடிப் படகுக்கும் பெரிய வரம். கேபிளுக்கு ஆபத்து இல்லை. நாடுகளுக்கு இடையே போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி இன்னும் கடலடியில்தான் போகிறது, ஏனென்றால் ஒரு ஜோடி இழை சுமக்கும் அளவை வானத்திலிருந்து தருவது கட்டுப்படியாகாது. ஸ்டார்லிங்க் உங்கள் அணிக்குத்தான் உதவும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்களில் புதியவை ஒன்றுக்கொன்று லேசர் ஒளியைக் காட்டிச் செய்தியைக் கைமாற்றுகின்றன. ஒன்று அடுத்ததைப் பார்க்க முடிந்தால்தான் வேலை நடக்கும், நடுவில் பூமியின் வளைவு மறைத்தால் நடக்காது. ஷாப்பின் கோபுரத்துக்காரன் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்ததும் இதே நிபந்தனையின் கீழ்தான்.